மாரியோவுக்கு முன்னால் 16 பைட்

பொத்தேரி விடுதிகளில் மாணவர்கள் லேப்டாப்பில் பழைய டிவி கேம் ஆடும்போது எட்டிப் பார்க்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒன்று உறுத்தும். மாரியோ நாம் ஆடியதைவிட வேகமாக ஓடுகிறார், பாட்டும் அவசரப்படுகிறது. நம் நினைவு பிசகவில்லை. எந்த டிவிக்கான ஆட்டம் என்பதை ஆட்டத்தின் ஃபைல், பழைய பெட்டியைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளுக்குச் சரியாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

1990களில் நம் வீடுகளுக்கு வந்த மீடியா போன்ற பெட்டிகள் நிண்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். அவற்றின் கேசட்டுக்குள் சிப் பதித்த ஒரு போர்டு இருக்கும். சிப்பில் உள்ளதை அப்படியே ஃபைலாக எடுத்துவிடலாம். போர்டின் அமைப்பு அதில் வராது. அதையும் சேர்த்துச் சொல்வதற்காக மராத் ஃபைசுல்லின் தன் ஐநெஸ் எமுலேட்டருக்கு 16 பைட் முகப்பு ஒன்றை வகுத்தார்.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, பைட்டுகளை 0 முதல் எண்ணுங்கள். முதல் நான்கும் அடையாளக் குறி. 4ஆம் பைட்டில் 2 இருக்கும்: 16 கிலோபைட் வீதம் இரண்டு துண்டு நிரல். 5ஆம் பைட்டில் 1: எட்டு கிலோபைட் படங்கள். முகப்போடு சேர்த்து மொத்தம் 40,976 பைட். அந்த உலகம் முழுக்க அதற்குள் அடங்கிவிட்டது என்பது இன்றும் எனக்கு வியப்புதான்.

6, 7ஆம் பைட்டுகள் ‘மேப்பர்’ எண்ணைப் பாதிப் பாதியாகச் சுமக்கின்றன. பெட்டியின் கண்ணுக்கு ஒரே நேரத்தில் 32 கிலோபைட் நிரல்தான் தெரியும். பெரிய ஆட்டங்களின் கேசட்டில் துண்டுகளை மாற்றி மாற்றிக் காட்டும் சர்க்யூட் தேவைப்பட்டது. அது எந்த வகை என்பதே இந்த எண். மாரியோவுக்கு 0, அமெரிக்கக் காண்ட்ராவுக்கு 2. எண் தவறினால் ஆட்டம் எழாது. ஒரு காலத்தில் ஒரு கருவி 7ஆம் பைட்டிலிருந்து ‘டிஸ்க்டூட்!’ என்று தன் பெயரை ஆங்கிலத்தில் பொறித்துவிட, பல ஃபைல்களின் மேப்பர் எண்ணில் 64 கூடிப்போனது.

இனி வேகம். ஜப்பான், அமெரிக்க டிவியில் நொடிக்கு 60 படம். நம் நாட்டு டிவியின் ‘பால்’ (PAL) முறையில் 50. நிண்டெண்டோ தன் பால் பெட்டிகளில் பிராசசரின் வேகத்தையும் குறைத்தது. பால் நாடுகளுக்கான நகல் பெட்டிகளில் பரவலாக இருந்த தைவானின் யூஎம்சி சிப்கள் வேறு வழியில் போயின: பிராசசரின் வேகம் ஏறக்குறைய மூலத்தைப் போலவே 1.77 மெகாஹெர்ட்ஸ், பால் முறையின் படத்தில் உள்ள கூடுதல் கோடுகளின் நேரம் முழுக்க வெறும் காத்திருப்பு. அதனால் ஜப்பான் ஆட்டங்கள் உடையாமல் ஓடின. சுருதி மாறவில்லை, நடை மட்டும் ஆறில் ஐந்து பங்காகக் குறைந்தது. நாம் கேட்டு வளர்ந்த மாரியோ பாட்டு அதுதான்.

பழைய முகப்பில் இந்த மூன்றாவது வகைக்கு இடமே இல்லை. அதற்குப் பின் வந்த நெஸ் 2.0 முகப்புதான் இடம் தந்தது, அதுவும் 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த ‘டெண்டி’யின் பெயரில். நம் பெட்டிகளின் பெயர் அங்கே இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

உங்கள் மாரியோ ஃபைலை மாற்ற, 7ஆம் பைட்டில் 8, 12ஆம் பைட்டில் 3 என எழுதி, 8 முதல் 15 வரை மீதியை 0 ஆக்குங்கள். ஃபைலைத் தொட மனமில்லையென்றால் மெசன் எமுலேட்டரில் பிராந்தியத்தை டெண்டி என்று வைத்தாலே போதும்.