அனுப்புகிறவர் தேவனே

உயிர்த்தெழுந்த நாளின் மாலையிலே, சீஷர்கள் பயத்தினால் கதவுகளைப் பூட்டி உள்ளே இருந்தார்கள். ஆண்டவர் அவர்கள் நடுவே வந்து நின்று, சமாதானம் கூறி, காயப்பட்ட தம் கரங்களைக் காண்பித்தார். பிதா தம்மை அனுப்பியதுபோலத் தாமும் அவர்களை அனுப்புவதாக உரைத்தார் (யோவான் 20:19-22). பிதா குமாரனை அனுப்பினார்; குமாரன் சபையை அனுப்புகிறார். இந்த வரிசையைச் சபை மறந்தபோதெல்லாம் அருட்பணி மனித முயற்சியாய்ச் சுருங்கிப் போயிற்று.

மேலைநாட்டுச் சபையின் வரலாறு இதற்குச் சாட்சி. 1910-ஆம் ஆண்டு எடின்பரோவில் நடைபெற்ற உலக மிஷனெரி மாநாட்டில் ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் கூடினர். கிறிஸ்தவ நாடுகள் ஒருபுறம், மிஷனெரிப் பணித்தளங்கள் மறுபுறம் என்று உலகம் அங்கே இரண்டாகப் பார்க்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில் அந்தக் கிறிஸ்தவ நாடுகளே ஒன்றையொன்று அழிக்கும் போரில் இறங்கின. 1949-க்குப் பின் சீனாவின் வாசல் அடைபட்டது. மேலைநாட்டு மிஷனெரிகள் வெளியேற நேர்ந்தது.

இந்தத் தாழ்வின் காலத்தில்தான், 1952-இல், ஜெர்மனியிலுள்ள வில்லிங்கனில் சர்வதேச மிஷனெரி சங்கம் கூடிற்று. அருட்பணியின் ஊற்று திரியேக தேவனிடத்திலேயே உள்ளது என்று அங்கே உணரப்பட்டது. 'மிசியோ தேயி', அதாவது தேவனுடைய அருட்பணி, என்னும் இலத்தீன் சொல்லால் இந்தப் போதனை பின்னர் எங்கும் அறியப்பட்டது. பணி தேவனுடையதானால், அதற்கு வெளியே நிற்கக்கூடிய நாடு ஒன்றும் இல்லை.

இதனைத் தம் வாழ்விலே காண்பித்தவர் பேராயர் லெஸ்லி நியூபிகின். 1936-இல் இந்தியாவுக்கு வந்த அவர், 1947-இல் மதுரை இராமநாதபுரம் பேராயரானார்; பின்னர் சென்னையிலும் பேராயராக ஊழியம் செய்து, 1974-இல் இங்கிலாந்து திரும்பினார். தாயகமே பணித்தளமாக மாறியிருந்ததை அங்கே கண்டார். எழுபது வயதைக் கடந்தபின், பர்மிங்காமின் வின்சன் கிரீன் பகுதியில் மூடப்படும் நிலையிலிருந்த ஒரு சிறு சபையின் மேய்ப்பராகி, வீடுவீடாய்ச் சென்றார். ஆசியாவிலிருந்து குடியேறியோரின் வீடுகளில் அவருக்கு வரவேற்புக் கிடைத்தது. ஆங்கிலேயர் பலருடைய கதவுகளோ அடைபட்டன. ஆயினும் அவர் சோர்ந்து போகவில்லை. சுவிசேஷத்தை அதன்படி வாழும் ஒரு சபையே உலகத்திற்கு விளங்கச்செய்யும் என்பது அவர் தம் நூல்களில் வலியுறுத்திய கருத்து.

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, இந்தியத் திருச்சபைக்கும் இது எச்சரிப்பாகும். மிஷனெரி ஞாயிறன்று காணிக்கை படைத்து, தூரதேசத்து ஊழியரைத் தாங்குவது நற்செயலே. ஆனால் அடுத்த தெருவில் வாழ்கிறவனின் பெயரையும் பசியையும் அறியாத சபை, பிறரை அனுப்பினாலும், தான் அனுப்பப்பட்டதை மறந்த சபையாகும். ஆண்டவர் காயப்பட்ட கரங்களோடு வந்தார். அவரால் அனுப்பப்படுவோருக்கும் அதிகாரமோ செல்வமோ அடையாளமாகாது. பூட்டிய கதவுகளுக்குள் வந்தவர் இன்றும் சபையைத் தெருவுக்கு அழைக்கிறார். செவியுள்ள சபை கேட்டு எழும்பக்கடவது. ஆமென்.