பங்கிற்கேற்ற பொறுப்பு

உலகம் வெம்மையுறுதற்கு மனிதரே காரணரெனின், அப்பழியில் தனியொருவர்க்குரிய பங்கு யாது? மாணவர் வினவும் இவ்வினாவிற்கு விடையிறுக்குமுன் ஆசிரியராகிய நாம் தெளிவடைதல் வேண்டும்.

காரணம் பற்றிய ஐயத்தை முதற்கண் நீக்குவாம். கரியமிலவாயு பெருகின் பூமி எவ்வளவு வெப்பமுறுமென்பதைச் சுவீடன் தேசத்து அறிஞர் சுவாந்தே அரேனியசு 1896 ஆம் ஆண்டிலேயே கணித்துரைத்தார். யந்திரத்தொழில் பரவுமுன் காற்றிற் பத்திலட்சத்தில் ஏறக்குறைய 280 பங்காயிருந்தது அவ்வாயு. ஹவாய்த் தீவின் மௌனலோவா மலையிற் சாள்ஸ் கீலிங் என்பார் 1958 இல் அளக்கத் தொடங்கியபொழுது அது 315 அளவினதாயிற்று. 2024 இல் 420 ஐயுங் கடந்தது. இஃது எரிமலைகளின் செயலென்பாருமுளர். அவை யாவுங் கூடி ஓராண்டில் உமிழ்வது மனிதர் வெளிவிடுவதில் நூற்றிலொரு பங்கிற்குங் குறைவாதலின், அக்கூற்றுப் பொருந்தாது.

இனிப் பொறுப்பை ஆராய்வாம். இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றில் வெளிவிடுவது சராசரி ஒரு தொன் அளவே. அமெரிக்கர் வெளிவிடுவதோ அதனிற் பதின்மடங்கிற்கு மேல். ஆதலின் நமக்கொரு கடனுமில்லை என்பர் ஒருசாரார். கணக்கு மெய்யே, முடிபு தவறு. விறகடுப்பில் உலையேற்றி வயலுக்கு நடந்து செல்பவரும், குளிரூட்டிய அறையில் உறங்கித் தனியொருவராய் மோட்டார் வண்டியிற் செல்பவரும் அச்சராசரியில் ஒருங்கே அடங்குவர். ஏழையின் சிக்கனத்தைக் காட்டிச் செல்வர் தம்மைக் காத்துக்கொள்ளுதல் நேர்மையாகுமா?

மற்றொருசாரார் பழி முழுவதையும் தனிமனிதர் தலையிற் சுமத்துவர். இதுவும் ஒவ்வாது. வேண்டாத விளக்கை அணைத்தல் நம் கையிலுள்ளது. அவ்விளக்கிற்கு வரும் மின்சாரத்தை நுரைச்சோலையிற்போல நிலக்கரியெரித்து ஆக்குவதா, வேறு வழியில் ஆக்குவதா என்பதோ நாடு கூடித் துணிதற்குரியது. ஆண்டு நமக்குள்ள கடன், வாக்களிக்குங்காலும் சபையிற் பேசுங்காலும் அதனை மறவாமையே.

ஆதலின், ஒருவர்க்குத் தெரிந்தெடுக்கும் வசதி எவ்வளவோ அவர் பொறுப்பும் அவ்வளவே என்பது எமது துணிபு. இன்று வெளிப்படுங் கரியமிலவாயுவின் ஒரு பகுதி பன்னூறாண்டு காற்றில் நிலைக்கும். சுகத்தை நுகர்வார் நாம். வெம்மையை நுகர்வார் நம்முன் வாங்கிலிருக்குஞ் சிறார்.

ஆசிரியர்காள்! அச்சிறார்க்கு அச்சத்தை ஊட்டாது, கணக்கை உள்ளவாறு கற்பிமின். பின்னர், நாம் பாடசாலைக்கு ஏறிவந்த வாகனத்தைக் குறித்து அவர் வினவின், நாணாது விடைகூறத்தக்கவாறு ஒழுகுவோமாக.