சிரிப்பதற்கு எத்தனை வயதாக வேண்டும்?

'பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு' என்ற பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த பெண்கள் நம்மில் குறைவு. இளம்பெண் சிரித்தால் ஒழுக்கம் போய்விடும். வயதான பெண் சிரித்தால், 'இந்த வயசுல என்ன இளிப்பு' என்பார்கள். ஆனால் அவளைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கத் தடையில்லை. நம் சினிமாவில் கிழவிகள் பெரும்பாலும் அதற்காகவே வருகிறார்கள். ஆகவே முதுமையையும் இழப்பையும் வேடிக்கையாகப் பேசும் பெண்களின் கவிதைகளை வாசிக்கும்போது, இந்தச் சிரிப்புக்கு யார் அனுமதி தருகிறார்கள் என்ற கேள்வி எனக்கு எழுகிறது.

ஆங்கிலக் கவிஞர் ஜென்னி ஜோசப் 'எச்சரிக்கை' என்ற கவிதையை 1961இல் எழுதினார். கிழவியானதும் ஊதா உடையும் அதற்குப் பொருந்தாத சிவப்புத் தொப்பியும் அணிந்து, ஓய்வூதியத்தைக் கண்டபடி செலவழிக்கப் போவதாக ஒரு பெண் அதில் மிரட்டுகிறாள். போருக்குப் பிந்தைய கவிதைகளில் பிரிட்டன் மக்களுக்கு மிகப் பிடித்தது இதுவே என்று 1996இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பு சொன்னது. எழுதியபோது ஜோசப்புக்கு 30 வயதுகூட ஆகவில்லை. இது தெரிந்தபின் கவிதை வேறு மாதிரி ஒலிக்கிறது. வாடகை கட்டி, பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக நடந்துகொண்டிருக்கும் இளம்பெண்ணின் மூச்சுமுட்டல் அது. தன் விடுதலைக்கு அவள் பல பத்தாண்டுகள் தவணை சொல்கிறாள்.

ஏன் தவணை? யாரும் அவளை விரும்பாத, யாருக்கும் அவள் உழைப்பு தேவைப்படாத வயதில்தான் ஒரு பெண்ணின் அடங்காமை ஆபத்தில்லாததாகிறது. 70 வயதில் அது குறும்பு. 25 வயதில் அதற்குப் பெயர் திமிர்.

அமெரிக்காவில் ஒரு பெண் தன் தோழிக்குப் பிறந்தநாள் பரிசாகச் சிவப்புத் தொப்பி ஒன்றையும் இந்தக் கவிதையையும் கொடுத்தார். அதிலிருந்து 1998இல் 'சிவப்புத் தொப்பிச் சங்கம்' பிறந்தது. 50 வயதைக் கடந்த பெண்கள் ஊதா உடையும் சிவப்புத் தொப்பியுமாகக் கூடித் தேநீர் அருந்துகிறார்கள். அடங்காமைக்கும் சீருடை வந்துவிட்டதே என்று கேலி செய்யலாம். ஆனால் கணவன், பிள்ளை, பேரப்பிள்ளை எவர் பொருட்டும் இல்லாமல், தோழிகளுக்காக மட்டும் உடுத்திக்கொண்டு போகும் ஒரு மத்தியானம் நம்மில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது? இங்கே அந்தச் சிவப்பின் விலையும் அதிகம். கணவனை இழந்தவள் பளிச்சென்று ஒரு சேலை கட்டினாலே தெரு பேசுகிறது.

அப்படியானால், இழப்பின் நடுவே சிரிப்பது இறந்தவரை அவமதிப்பதாகுமா? போலந்துக் கவிஞர் விஸ்லாவா சிம்போர்ஸ்காவின் துணைவர் கோர்னெல் ஃபிலிப்போவிச் 1990இல் இறந்தார். இருவரும் மணம் செய்துகொள்ளாமல், தனித்தனி வீடுகளில் இருந்தபடியே அன்போடு வாழ்ந்தவர்கள். அவர் மறைவுக்குப் பின் சிம்போர்ஸ்கா எழுதிய 'காலி வீட்டில் ஒரு பூனை' கவிதையில் துக்கப்படுவது பூனை. வீடெங்கும் ஆளைத் தேடுகிறது. காணோம் என்றதும் கோபம் வருகிறது. வரட்டும், எளிதில் முகம்கொடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்கிறது. நமக்குச் சிரிப்பு வருகிறது. வந்த இடத்திலேயே தொண்டையும் அடைக்கிறது.

துக்கத்தில் இருக்கும் பெண் பொறுமையின் சிலையாக உட்கார வேண்டும் என்றே எதிர்பார்க்கிறோம். போனவர்மேல் அவளுக்குக் கோபம் வரலாகாது. ஆனால் நம் ஒப்பாரிகளைக் கேளுங்கள். விட்டுப்போனவரைப் பெண்கள் உரிமையோடு ஏசுகிறார்கள். பூனையின் முறைப்பும் அதே உரிமைதான். மனைவி என்ற பட்டம் இல்லாத ஒருத்திக்கு எந்தச் சடங்கும் தராத உரிமை. இந்தச் சிரிப்பில் அவமதிப்பு இல்லை. நேசித்தவரைப் புனிதராக்காமல், தாமதமாக வரும் ஒரு மனிதராகவே வைத்திருக்கும் நேர்மை இருக்கிறது.

ஜோசப்பின் கவிதை முடியும் இடத்தில் அந்தப் பெண், இப்போதிருந்தே கொஞ்சம் பழகிக்கொண்டால் என்ன என்று யோசிக்கிறாள். ஊரார் திடீரென்று அதிர்ந்துபோகக் கூடாதாம்! கல்லூரியில் படிக்கும் பெண்கள் முதலில் வாசிக்க வேண்டியது இந்த இடத்தை. வயதானபின் சிரித்துக்கொள்ளலாம் என்று நமக்குச் சொல்லப்படும்போதெல்லாம், நாம் காத்திருப்பது யாருக்கு வசதி என்று கேட்டுவிட வேண்டும்.