தழும்புள்ள தலைக்கும் தலைப்பாகை உண்டு

அய்யா துணை



எளிய மக்கள் தலைப்பாகை கட்டக் கூடாது என்று தடுத்திருந்த காலத்தில், தலைப்பாகை கட்டி நிமிர்ந்து வாருங்கள் என்று பதிக்குள் அழைத்தவர் அய்யா வைகுண்டர். மூளையில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை செய்து பிழைத்தவரின் தலைக்கும் அந்த உரிமை உண்டு. தழும்பு அதைக் குறைக்காது.

அப்படிப்பட்டவரைப் பார்த்து, ‘என்ன வினையோ’ என்று சிலர் பேசுகிறார்கள். அது அய்யா வழி அல்ல. கொல்லம் 1008-ஆம் ஆண்டு மாசியில், நோயால் நடக்க முடியாத உடலைத்தான் தாயாரும் உறவினரும் திருச்செந்தூருக்குச் சுமந்து சென்றார்கள். கடலுக்குள் சென்றவர் மூன்றாம் நாள் வைகுண்டராக வந்தார். நோயுற்ற உடலை இழிவாக எண்ண அய்யாவின் பிள்ளைகளுக்கு இடமில்லை.

பிரான்ஸ் நாட்டு மனநல மருத்துவர் டேவிட் செர்வான்-ஷ்ரைபர், ஏறக்குறைய 30 வயதில், அமெரிக்காவில் மூளை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சோதனைக்காகத் தாமே ஸ்கேன் கருவியில் படுத்தபோது, தம் மூளையில் கட்டி இருப்பதைக் கண்டார். அறுவை நடந்தது, கட்டி திரும்பியது, மீண்டும் சிகிச்சை. ஆனாலும் அவர் முடங்கவில்லை. உணவைத் திருத்தினார், நடந்தார், தியானம் செய்தார், நோயாளிகளுக்காக நூல் எழுதினார். கட்டியைக் கண்டபின் ஏறக்குறைய 19 ஆண்டுகள் வாழ்ந்து, 2011-இல் தமது 50-ஆம் வயதில் காலமானார். தியானமும் உணவும் மருத்துவத்துக்கு மாற்று என்று அவர் சொல்லவில்லை, இரண்டையும் கைக்கொண்டார். ‘எத்தனை நாள்’ என்று எண்ணிக்கொண்டே இராமல், கிடைத்த நாளைப் பிறருக்குப் பயனாக்கினார். தருமம் என்பது அதுதான்.

முத்திரிப் பதமும் திருநாமமும் மனதுக்குத் திடம் தரும். அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். தூக்கம் கெட்டாலும் வரலாம். ஆகவே பதினொரு நாள் திருவிழாவில் இரவெல்லாம் கண்விழிக்க வேண்டியதில்லை, பகலில் வந்து வணங்கினால் போதும். கடலிலும் குளத்திலும் தனியே இறங்கக் கூடாது. மருத்துவர் குறித்த நாளில் ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்த நாள் நெருங்கும்போது பயம் வருவது இயல்பு. பக்தி குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

நிழல்தாங்கலில் உள்ளவர்களுக்கும் கடமை உண்டு. பிழைத்து வந்தவரை ஓர் ஓரத்தில் உட்கார வைத்து இரங்கிப் பார்ப்பதை விட, அவர் கையில் ஒரு பணிவிடையைக் கொடுங்கள். விளக்கேற்றட்டும், நாமம் கொடுக்கட்டும், அன்னதர்மத்துக்குக் காய் நறுக்கட்டும். உச்சிப்படிப்பில் வரி மறந்து நின்றால், பக்கத்தில் இருப்பவர் சேர்ந்து படியுங்கள். பேச்சு தாமதமானால் காத்திருங்கள். சீக்கிரம் களைத்துப் போனால் சோம்பல் என்று சொல்லாதீர்கள். சிகிச்சை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் களைப்பு இருக்கலாம்.

பள்ளியறையில் அய்யா சிலை வைக்கச் சொல்லவில்லை. கண்ணாடியும் விளக்கும் வைத்தார். ஸ்கேன் படம் காட்டுவது மூளையை மட்டும்தான். அந்தக் கண்ணாடிமுன் நிற்பவர் ஆணோ பெண்ணோ, தழும்பு உள்ளவரோ இல்லாதவரோ, தமக்குள் குடியிருக்கும் அய்யாவின் ஒளியைக் காண்கிறார். அந்த ஒளிக்கு நோய் இல்லை. அதை நம்பி, மருந்தும் உண்டு, தருமமும் செய்து, இன்றைய நாளை வாழுங்கள்.

அய்யா உண்டு.