பெயர் சொன்னவர் யார்?

இரு வாரங்களுக்கு முன் மருதமுனையில், எமது பங்கைச் சேர்ந்த மாணவன் ஒருவன் வேலியோரமாகக் குந்தியிருந்து கைத்தொலைபேசியால் எதையோ படம் பிடித்துக்கொண்டிருக்கக் கண்டேன். பாம்பாக்கும் என்று எண்ணி எட்டி நின்றே விசாரித்தேன். பாம்பில்லை, பூ. அதுவும் வாடிச் சுருண்டுபோன ஒரு வெள்ளைப்பூ. வழியோரத்துக் காட்டுப்பூக்களைப் படம் பிடித்துப் பெயர் அறிவது அவனுக்குப் பொழுதுபோக்காம். படத்தைக் காட்டினால் தொலைபேசியே பெயரைச் சொல்லிவிடுகிறது. அன்றோ அது மூன்று பெயர்களைச் சொல்லி, மூன்றிலும் தனக்கு முழு நம்பிக்கை இல்லை என்றும் ஒப்புக்கொண்டது. இத்தகைய அடக்கத்தை மனிதரிடம் காண்பது அரிது.

வேலிக்கு அப்பால் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் முக்காட்டைச் சரிசெய்தபடி கிட்ட வந்தார். "அது முசுட்டை, மகன். ராவையிலதான் பூக்கும். விடிஞ்சா வாடிப்போகும். இப்ப வந்து என்னத்தப் படம் பிடிக்கிற?" என்றார். அதன் இலையை அரிந்து சுண்டும் விதத்தையும் சேர்த்தே சொன்னார். பையன் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

இதை நான் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "பெயர் தெரியாவிட்டால் பூ பூக்காமல் விடுமா? நம் ஆண்டவரும் காட்டுப்பூக்களைக் கவனித்துப் பாருங்கள் என்றாரேயன்றி, அதன் பெயர் இன்னது என்று சொல்லவில்லையே!" என்றார். உண்மைதான். அவர் சுட்டிய பூ எது என்பதில் வேதாகம அறிஞர்கள் இன்றுவரை ஒருமனப்படவில்லை. ஆனால் அன்று அவரைச் சூழ்ந்திருந்த கலிலேய மக்களுக்கு அந்தப் பூ கண்ணெதிரே இருந்தது. பெயர் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. எம் நிலைமை அப்படியா? "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். கல்முனைக் கடற்கரை மணலில் படர்ந்து, ஊதாப் பூவோடு கிடக்கும் அந்தக் கொடியைக் காட்டு என்றால், முழங்கியவர்களில் எத்தனை பேர் காட்டுவர்? பழமொழி எம்மிடம் மிஞ்சியிருக்கிறது. கொடி காலடியில் மிதிபடுகிறது.

பெயர் அறியாமை சில வேளை உயிரையும் வாங்கும். கார்த்திகைப்பூவின் அழகுக்கு மயங்காதவர் இல்லை. ஆனால் அதன் கிழங்கு கொடிய நஞ்சு. உண்ணும் கிழங்கு என்று மயங்கி அதைச் சமைத்துத் தின்று இறந்தோர் இந்நாட்டில் உண்டு. எனவே செடிகளை வேறுபடுத்தி அறிவதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

என்றாலும் பயன் ஒன்றுக்காகவே பெயரை மதிப்பது போதாது என்று எனக்குப் படுகிறது. பெயரற்றதை அழிப்பது எளிது. "பற்றை" என்ற ஒரே சொல்லுக்குள் நூறு செடிகளைப் போட்டு, ஒரு மாலைப்பொழுதில் வெட்டி எரித்துவிடுகிறோம். அதில் முசுட்டையும் தூதுவளையும் இருந்தன என்று அறிந்தவனின் கை சற்றுத் தயங்கும். பெயரின் அருமையை இக்கரையோர மக்களுக்கு யாரும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிய பின், பெயர் அறியப்படாமலே ஒரே குழியில் அடக்கப்பட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். பூவையும் மனிதரையும் நான் ஒப்பிடவில்லை. பெயரின்றிப் போவது எத்தகைய இழப்பு என்பதை அந்நாள் எமக்குக் காட்டிற்று என்றே சொல்கிறேன்.

ஆதியாகமத்தில், இறைவன் விலங்குகளையும் பறவைகளையும் மனிதனிடம் கொண்டுவருகிறார். அவன் என்ன பெயரிடுவான் என்று பார்க்கிறார். எமது இஸ்லாமிய சகோதரரின் திருமறையிலோ, பெயர்கள் அனைத்தையும் ஆதமுக்கு இறைவனே கற்றுக்கொடுக்கிறான். முன்னதில் பெயரிடுவது மனிதனுக்கு அளிக்கப்பட்ட உரிமை. பின்னதில் அது கேட்டுப் பெற்ற கல்வி. இரண்டையும் அடுத்தடுத்த வேலிக்குள் வைத்துக்கொண்டு வாழும் ஊர் எமது. எமது பக்கத்தில் உரிமை சற்றுக் கூடுதலாகவே நினைவில் நின்று, கற்றுக்கொண்ட கடன் மறந்துபோயிற்றோ என்று எனக்கொரு சந்தேகம்.

பூக்களின் சரித்திரத்திலும் இந்தக் கடன் மறக்கப்பட்டதுண்டு. 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இலங்கைக்கு வந்த பவுல் ஹெர்மன் இங்கே செடிகளைச் சேகரித்து உலர்த்தி, ஊரார் வழங்கிய பெயர்களையும் குறித்துக்கொண்டு போனார். அவர் இறந்து பல்லாண்டுகளின் பின் அந்தச் சேகரிப்பு சுவீடன் தேசத்து லின்னேயசின் கையை அடைந்தது. இலங்கையைக் கண்ணாலும் காணாத அப்பேரறிஞர், அதை வைத்து 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி நூலே வெளியிட்டார். ஹெர்மனை உலகம் அறியும், லின்னேயசை அறியும். வேலியருகே நின்று ஹெர்மனுக்குப் பெயர் சொல்லிக்கொடுத்த ஊரவர் யார்? சரித்திரம் அவர்களை மறந்துவிட்டது.

இதற்கு மாறான செயலும் அதே காலத்தில், அதே கம்பனியில் நடந்தது என்பது ஆறுதல். கொச்சியில் ஒல்லாந்தத் தளபதியாயிருந்த வான் ரீட், மலையாள நாட்டுத் தாவரங்களைப் பற்றி உருவாக்கிய பெருநூல் 1678 முதல் 1693 வரை 12 பாகங்களில் வெளிவந்தது. தொடக்கத்தில் அவருக்குத் துணைநின்றவர் மத்தேயு என்ற கார்மேல் சபைக் குருவானவர். அந்நூலின் முதற் பாகத்தில், இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர் தாம் சொல்லிக்கொடுத்ததற்கு அளித்த சான்று, அவர் பெயராலேயே அச்சேறியிருக்கிறது. புரட்டஸ்தாந்துத் தளபதி, கத்தோலிக்கக் குரு, இந்து வைத்தியர் என மூவரும் ஒரு பூவைச் சுற்றி நின்றார்கள். அறிவைத் தந்தவனின் பெயர் தொலைந்துபோகவில்லை.

இன்றைய தொலைபேசியும் தானாக ஒன்றையும் அறிவதில்லை. 2013இல் பிரான்சில் தொடங்கப்பட்ட பிளான்ட்நெட் போன்ற செயலிகள், உலகெங்கும் எத்தனையோ பேர் எடுத்தனுப்பிய படங்களையும், பார்த்துத் திருத்திய பெயர்களையும் கொண்டே விடை சொல்கின்றன. ஒரு நொடியில் வரும் விடைக்குப் பின்னால் நின்று உழைத்தவர்களை நாம் காண்பதில்லை. விலை கொடாமல் கிடைத்தது என்பதால் கடன் இல்லை என்றாகிவிடுமா? பொருளைக் களவெடுத்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறோம். அறிவைப் பெற்றுக்கொண்டு, தந்தவரை மறப்பதை யாரும் பாவக் கணக்கில் எழுதுவதில்லை.

சென்ற வாரம் பையன் மீண்டும் வந்தான். இரவில் தகப்பனாரோடு போய் முசுட்டை மலர்ந்திருக்கப் படம் பிடித்தானாம். வெண்மை இருட்டில் தனியாகத் தெரிந்தது. கொப்பியைக் காட்டினான். நான் சொன்னபடி ஒவ்வொரு பூவின் பெயருக்கும் எதிரே, அதைச் சொன்னவர் யார் என்றும் எழுதியிருந்தான். அடம்பனுக்கு எதிரே அம்மம்மாவின் பெயர். கார்த்திகைப்பூவுக்கு எதிரே விஞ்ஞான ஆசிரியையின் பெயர். முசுட்டைக்கு எதிரே "மருதமுனை மூத்தம்மா" என்று மட்டுமே இருந்தது.

"அவ என்ட பேரைக் கேட்டா, சொன்னன். நான் அவட பேரைக் கேக்கயில்ல" என்றான். சனிக்கிழமை மறுபடியும் போகிறானாம்.