நம்மவர் சொன்னால் நம்பத்தான் வேண்டுமா?

நம்மவர் ஒருவர் உலகமே திரும்பிப் பார்க்கும் செய்தியைச் சொல்கிறார். அதைச் சந்தேகித்தால் துரோகமா? 2025 ஏப்ரலில் இந்தக் கேள்வி திரிங்காப் வரை வந்துவிட்டது.

“கே2-18பி கிரகத்தில் உயிர்! கண்டுபிடிச்சது நம்ம ஆளு!” என்று எங்கள் புலனக் குழுவில் செய்தி பறந்தது. நம்ம ஆளு என்றது பேராசிரியர் நிக்கு மதுசூதனை. வாரணாசியில் படித்து, இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறவர். “இன்னும் உறுதியாகலை, பொறுங்க” என்று எழுதினேன். “என்னண்ணே, நம்மாளு ஜெயிச்சா உங்களுக்கே பொறுக்கலையா?” என்றான் ஒரு தம்பி.

விஷயம் இதுதான். சிம்ம ராசி மண்டலத்தில், 124 ஒளியாண்டு தொலைவில், ஒரு சிவப்புக் குறுவிண்மீன். நம் சூரியனைவிடச் சிறியது, சூடும் குறைவு. அதை 33 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது கே2-18பி. எடை பூமியைப்போல் 8 மடங்குக்கு மேல். நீர் திரவமாக இருக்கக்கூடிய தூரத்தில் சுற்றுவதால்தான் இத்தனை ஆர்வம். அதன் காற்றின் ஊடே வந்த ஒளியை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்தது. அதில் டைமெத்தில் சல்ஃபைடு போன்ற ஒரு வாயுவின் சாயல் தெரிகிறது என்றது மதுசூதன் குழு. பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் உண்டாக்குவது கடலில் வாழும் நுண்ணுயிர்கள்.

அந்தக் குழு கூடவே சொன்ன இன்னொன்றை எங்கள் குழுவில் யாரும் பகிரவில்லை. இந்தச் சாயல் தற்செயலாகத் தோன்றியிருக்க ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு உண்டு. கண்டுபிடிப்பு என்று ஏற்க, அது பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்க வேண்டும். இன்னும் அளக்க வேண்டும் என்று அவரே சொன்னார். அதே தரவை ஆராய்ந்த வேறு குழுக்களுக்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. உயிரே இல்லாத ஒரு வால்நட்சத்திரத்திலும் அந்த வாயு இருந்திருக்கிறது.

1935-இல் லண்டனில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 24 வயது சந்திரசேகர், நம் தமிழர், வெண்குறுமீன்களின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கோடு சொன்னார். எடிங்டன் என்ற பெரிய விஞ்ஞானி அதே சபையில் அதைக் கேலி செய்தார். பலர் கணக்கைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தார்கள். அது அநியாயம் என்கிறோம். சரி, ஆளைப் பார்த்து மறுப்பது அநியாயம் என்றால், ஆளைப் பார்த்து ஏற்பது மட்டும் எப்படி நியாயம்? 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது, அவர் தமிழர் என்பதற்காகவா? கணக்கு நின்றது, அதனால் வந்தது.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புரியும். கொழுந்து நிறுக்கும் தராசு, இது யார் கூடை என்று கேட்காது. கேட்க ஆரம்பித்தால் நேர்மையாகப் பறித்தவருக்குத்தான் நஷ்டம். யார் சொன்னாலும் பொருளின் உண்மையைப் பார் என்று வள்ளுவரும் அறிவுடைமையில் சொல்லித் தந்திருக்கிறார்.

எஸ்.பி.எம். படிக்கும் நம் பிள்ளைகளில் நாளைக்கு யாராவது விண்ணை ஆராயப் போகலாம். அவர்களுக்குக் கைதட்ட மட்டும் கற்றுக்கொடுத்தால் போதாது, சரிபார்க்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். மதுசூதன் சொன்னது மெய்யென்று ஒருநாள் உறுதியானால், அந்தத் தம்பியோடு சேர்ந்து நானும் கொண்டாடுவேன். அதுவரை, “நம்ம ஆளு” என்று வரும் எந்தச் செய்தியையும் பகிரும் முன் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்வோம்: வேற ஆளு சொல்லியிருந்தா இதை இப்படியே நம்பியிருப்பேனா?