விடுவித்தலும் கருணையும்

அயல்நாட்டுப் பாம்பொன்றை விலைக்கு வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்த ஒருவர், சலிப்புற்று அதனை நீர்நிலையோரம் விட்டுவிடுகிறார். ஓர் உயிருக்கு விடுதலை அளித்தோமென்று மகிழ்கிறார். இஃது அறமாகுமா? உயிர்களை மீட்டு விடுவித்தலைப் புண்ணியமெனப் போற்றும் நாம் இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் இயலாது.

2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த பயணி ஒருவரின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருக்கக் கண்டனர் சுங்க அதிகாரிகள். பிடிபடாதவற்றை எண்ணினவர் யார்?

பாம்பு தனித்து வருவதில்லை. அதன் குடலில் சால்மொனெல்லா என்னுங் கிருமி இருத்தல் கூடும். அதனைத் தொட்டுக் கைகழுவாது உண்ணும் குழந்தைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும். அமெரிக்காவின் புளோரிடாவில், வளர்ப்போர் கைவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் பல்கிப் பெருகின. அவற்றோடு வந்த நுரையீரல் ஒட்டுண்ணி அந்நாட்டுப் பாம்புகளையும் பற்றியது. குவாம் தீவிலோ, இரண்டாம் உலகப்போரையடுத்துச் சரக்குகளில் ஒளிந்து வந்த பழுப்பு மரப்பாம்பு காட்டுப் பறவையினங்களிற் பெரும்பாலானவற்றைத் தின்று தீர்த்தது. பாம்பின்மேற் குற்றமில்லை, பசித்தது, தின்றது.

2015-இல் இங்கிலாந்தின் பிரைட்டனுக்கு அப்பால் பௌத்தர் இருவர் புண்ணியங் கருதி அயல்நாட்டுச் சிங்கிறால்களையும் நண்டுகளையும் கடலில் விட்டனர். 2017-இல் நீதிமன்றம் அபராதம் விதித்தது. அவர்தம் சேதனை நன்றே. ஆயினும் மோகத்தைத் தீவினையின் வேரென்று ஓயாது போதிக்கும் நாம், நல்லெண்ணத்தோடு கூடிய அறியாமைக்கு மட்டும் விலக்களிப்பது எங்ஙனம்?

தில்லி ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய்க் கரையிலிருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1-ஆம் நாள் இடிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த நம்மவர் ஒன்றை நன்கறிவர்: நகரம் வேண்டாமென்று எறிவதெல்லாம் கால்வாயில் மிதந்து, குடிசை வாயில்களைக் கடந்தே யமுனையைச் சேரும். மாளிகையில் வளர்ந்த பாம்பை எவரும் மாளிகைத் தோட்டத்தில் விடுவதில்லை. விலை கொடுத்தவர் ஒருவர்; விளைவைச் சுமப்பவர் வேறொருவர். தானத்தின் பெயரால் நிகழும் இவ்வநீதியே எம்மை உறுத்துகிறது.

அங்ஙனமாயின் கொன்றுவிடலாமோ என்பார் உளர். அன்று. அதுவும் உயிரே, தானாக வந்ததுமன்று. பந்து மலைப்பாம்பு 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்; வாங்கியவர் அத்தனை ஆண்டும் காத்தல் வேண்டும். அட்டவணையிற் குறித்த அயல் உயிர்களைப் பதிவு செய்தல் வேண்டுமென 2024-ஆம் ஆண்டு விதிகள் கூறும். இயலாதவர் வனத்துறையினரை அணுகி அவர் கூறும்வழி ஒப்படைக்கட்டும். அதுகாறும் பெட்டியின் மூடி இறுக மூடியிருக்கட்டும்.